ஜரிகை வெளியே, பருத்தி உள்ளே

ஜரிகை நூலை ஷட்டிலில் சுற்றாதீர்கள். ஷட்டில் என்ற சின்னக் கருவியால் நூலை முடிச்சுப் போட்டே செய்யும் லேஸ்தான் டாட்டிங். அதில் ஜரிகை பிரேஸ்லெட் எப்படிச் செய்வது என்று கேட்கும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். பல பேருக்கு இந்த ஒரு வரியே போதும், மீதியைக் கையே கண்டுபிடித்துவிடும். ஏன் என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்த நீளமான பதிவு.

டாட்டிங்கில் கை பழகிய பலரே மெட்டாலிக் நூல் பக்கம் போக மாட்டார்கள். பிரிந்து பிரிந்து வரும், நடுவில் அறும், வளையம் மூடாது என்று மூன்று புகார் சொல்வார்கள். மூன்றும் உண்மை. ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் பருத்தி நூலில் எப்படிச் செய்தார்களோ அப்படியே நூலை மட்டும் மாற்றிச் செய்து பார்த்திருப்பார்கள். அப்படிச் செய்தால் வராதுதான்.

டாட்டிங்கே தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குரோஷா போல ஊசியால் கண்ணி கண்ணியாக இழுக்கும் வேலை இல்லை இது, முழுக்க முழுக்க முடிச்சு. படகு மாதிரி இருக்கும் கையடக்கமான ஷட்டிலில் ஒரு நூல், இடது கை விரல்களைச் சுற்றி ஒரு நூல். ஷட்டிலை விரல் நூலுக்குக் கீழே விட்டு மேலே எடுத்தால் அரை முடிச்சு, அடுத்து மேலே விட்டுக் கீழே எடுத்தால் இன்னொரு அரை, இரண்டும் சேர்ந்தால் ஒரு முழு முடிச்சு. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நீங்கள் போடும்போது ஷட்டில் நூல்தான் விரல் நூலைச் சுற்றிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் இடது கையைத் தளர்த்தி, ஷட்டில் நூலை வெடுக்கென்று நேராக இழுக்க வேண்டும். உடனே முடிச்சு புரண்டு இடம் மாறும்: இப்போது விரல் நூல் சுற்றியிருக்கும், ஷட்டில் நூல் உள்ளே நேர்க்கோடாக ஓடும். இந்தப் புரளல் கைக்கு வர சிலருக்கு ஒரு மாலை போதும், சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். வந்துவிட்டால் அப்புறம் மறக்காது.

அது ஏன் முக்கியம் என்றால், உள்ளே ஓடும் நூல் முடிச்சுகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பதினாறு முடிச்சு போட்டு ஷட்டில் நூலை இழுத்தால் அத்தனை முடிச்சும் நெருங்கி வட்டமாகக் குவிந்து ஒரு வளையமாக மூடிக்கொள்ளும். ஒரே ஒரு முடிச்சு புரளாமல் இருந்துவிட்டாலும் அந்த இடத்தில் நூல் பூட்டிக்கொள்ளும், வளையம் மூடாது. ஆக, மொத்தக் கலையும் உள்நூலின் வழுக்கலை நம்பித்தான் நிற்கிறது.

இப்போது ஜரிகையைக் கையில் எடுத்துப் பாருங்கள். இன்று கடையில் கிடைக்கும் மலிவு ரகங்களில் பெரும்பாலானவை ஒரு மெல்லிய இழையைச் சுற்றி, உலோகப் பூச்சு ஏற்றிய பாலியெஸ்டர் பிலிமை நாடாவாக வெட்டிச் சுற்றியவை. நாடாவுக்கு விளிம்பு இருக்கும். நகத்தால் நூலை ஒரு பக்கமாக வருடினால் சும்மா இருக்கும், எதிர்ப்பக்கம் வருடினால் சொரசொரவென்று மாட்டும். அந்த விளிம்புகள் ஒவ்வொரு முடிச்சின் உள்ளேயும் உரசிக்கொண்டு போனால் என்ன ஆகும்? முதலில் நாடா ஒதுங்கிக் குவியும், அப்புறம் உள்ளிழை வெளியே தெரியும், கடைசியில் வளையத்தை மூட இழுக்கும் அந்தக் கணத்தில் பட்டென்று அறும். இத்தனை நேரம் போட்ட முடிச்சைப் பிரிக்கவும் முடியாது, பருத்தியிலேயே டாட்டிங் முடிச்சைப் பிரிப்பது நரகம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. விரல் நூலின் ஒவ்வொரு அங்குலமும் ஒரு முடிச்சில் ஒரு முறை வளைந்து உட்கார்ந்துவிடும், அவ்வளவுதான் அதன் பாடு. ஷட்டில் நூலோ முடிச்சுக்கு முடிச்சு இழுபட்டு, விரலிடுக்கில் உரசி, வளையம் மூடும்போது எல்லா முடிச்சுகளையும் கடந்து போகிறது. போதாக்குறைக்கு ஷட்டிலின் இரண்டு தகடுகளும் நூல் தானாக அவிழாமல் இருக்க முனைகளில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும், நூலை விடும்போதெல்லாம் டக் டக் என்று சத்தம் வருமே, அது அந்த இடுக்கின் வழியே நூல் பிதுங்கி வரும் சத்தம். ஜரிகைக்கு அந்த இடுக்கு ஒரு சின்ன ரம்பம். (கிளோவர் மாதிரி ஜப்பான் ஷட்டில்களில் இந்தக் கவ்வல் நன்றாக இருக்கும், பருத்திக்கு அது வரம்.)

அதனால் விஷயம் எளிது. ஓடும் இடத்தில் பருத்தி, தெரியும் இடத்தில் ஜரிகை. பருத்தி ஷட்டிலில், ஜரிகை விரலில்.

ஜரிகை நூல் என்றால் எல்லாம் ஒன்றில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் பட்டுப்புடவையில் வரும் அசல் ஜரிகை, பட்டிழையின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்கு மேல் தங்க முலாம் போட்டது. சூரத்தில்தான் அதிகம் தயாராகிறது. அதை வைத்து பிரேஸ்லெட் செய்ய ஆசைப்படுகிறவர்கள் உண்டு, நான் தடுப்பேன். வெள்ளி வியர்வை பட்டால் கறுக்கும். புடவையை வருஷத்துக்கு இரண்டு முறை கட்டி மடித்து வைப்போம், மணிக்கட்டில் போடுவது தினமும் நனையும். இந்த இடத்தில் பிளாஸ்டிக்தான் ஜெயிக்கிறது. அலுமினியத் தகட்டை இரண்டு பிளாஸ்டிக் பிலிம்களுக்கு நடுவே வைத்து ஒட்டி நாடாவாக வெட்டும் முறை அமெரிக்காவில் 1946-இல் லூரெக்ஸ் என்ற பெயரில் வந்தது. இப்போது தகட்டுக்குப் பதில் பிலிமின் மேலேயே அலுமினியத்தை ஆவியாகப் படிய வைத்துவிடுகிறார்கள். தங்க நிறம் எல்லாம் மேல்பூச்சின் வேலை. கறுக்காது, ஆனால் தேயும்.

நான் அதிகம் புழங்குவது மூன்று வகை. ஒன்று, ஆரி வேலைக்காரர்கள் வாங்கும் கோன் ஜரிகை. கல்யாண பிளவுஸ் மோகம் வந்ததிலிருந்து சின்ன ஊர்க் கடைகளில்கூடக் கிடைக்கிறது, சென்னையில் பாரிமுனைப் பக்கம் போனால் நிறம் நிறமாகக் கொட்டிக் கிடக்கும். விலை குறைவு, பழகுவதற்கு நல்லது, ஆனால் மிக மெல்லியது, இரண்டு இழை சேர்த்துப் போட வேண்டியிருக்கும், இரண்டும் ஒரே இறுக்கத்தில் வராமல் ஒன்று மட்டும் தொளதொளவென்று துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டு, டிஎம்சி கம்பெனியின் டயமண்ட் நூல். 35 மீட்டர் ஸ்பூலில் வரும், விஸ்கோஸும் உலோகப் பூச்சு பாலியெஸ்டரும் கலந்து முறுக்கியது, விஸ்கோஸ் இருப்பதால் உடம்பு மெத்தென்று இருக்கும், முடிச்சு அழகாக உட்காரும். மூன்றாவது, கிரைனிக் கம்பெனியின் பின்னல் ரகம், இதில் இழைகளை முறுக்குவதில்லை, பின்னுகிறார்கள், அதனால் பிரிவதே இல்லை. இந்த மூன்றில் பின்னல்தான் ராஜா, விலையும் அப்படியே. அவசரமில்லாமல் நல்லதாக ஒன்று செய்யப் போகிறேன் என்றால் அதைத்தான் எடுப்பேன்.

ஷட்டிலுக்குள் போகும் பருத்திக்கு 20-ஆம் நம்பர் குரோஷா நூல். மெர்சரைஸ் செய்தது (காரத்தில் பதப்படுத்தி மெருகேற்றியது) வேண்டும், அதன் வழுவழுப்பு இங்கே அலங்காரத்துக்கு இல்லை, ஓட்டத்துக்கு. ஆங்கர் நூல் நம் ஊரில் பல தலைமுறைக்குப் பழக்கம், மதுரா கோட்ஸ் என்ற பெயரில் மதுரையின் பெயரே ஒட்டிக்கொண்டிருக்கும் கம்பெனியின் நூல். இரண்டு நூலின் தடிமனும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். ஜரிகை ரொம்ப மெல்லியதாக இருந்தால் முடிச்சுகளுக்கு இடையே உள்நூல் எட்டிப் பார்க்கும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்கும் தங்க ஜரிகைக்கு நடுவே மெரூன் பருத்தி எட்டிப் பார்ப்பது பிடிக்கும். பிடிக்காதவர்கள் உள்ளே மஞ்சள் பருத்தி வையுங்கள், வெள்ளி நிற ஜரிகை என்றால் வெள்ளைப் பருத்தி. அசல் ஜரிகைக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள், தங்கத்துக்கு உள்ளே மஞ்சளோ சிவப்போ, வெள்ளிக்கு உள்ளே வெள்ளை.

சரி, இப்போது சிக்கல் வரும் இடம்.

டாட்டிங்கில் இரண்டு உறுப்புகள்: வளையம், செயின் (வட்டமாக மூடாமல் வளைவாக விடும் முடிச்சு வரிசை). செயின் போடும்போது ஷட்டில் நூல் வேறு, விரல் நூல் வேறு, அதனால் பருத்தி உள்ளே போய் ஜரிகை வெளியே வரும். நாம் கேட்டது அதுதான். ஆனால் வளையம் போடும்போது ஷட்டிலின் நூலையே விரலைச் சுற்றி எடுத்துக்கொள்கிறோம், உள்ளேயும் வெளியேயும் ஒரே நூல். ஷட்டிலில் மெரூன் இருந்தால் வளையம் மெரூனாகத்தான் வரும், தங்கமாக வராது.

இதற்கு இரண்டு வழி. முதல் வழி, வளையம் மெரூனாகவே இருக்கட்டும் என்று ஒப்புக்கொள்வது. சோம்பேறித்தனம் மாதிரித் தோன்றும், ஆனால் என் கண்ணுக்கு இதுதான் அழகு. இரண்டு வரிசையாகப் போட்டால் மெரூன் வளையங்கள் நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும், தங்கச் செயின்கள் இரண்டு ஓரத்திலும் அலை அலையாக ஓடும், பட்டுப்புடவை பார்டரை மணிக்கட்டு அகலத்துக்குச் சுருக்கியது போல இருக்கும். முழுக்கத் தங்கமாக இருந்தால் மினுமினுப்பில் முடிச்சின் வடிவமே தெரியாமல் போய்விடும். லேஸ் என்றால் ஓட்டையும் நூலும் சேர்ந்ததுதானே, மின்னுகிற நூல் இரண்டையும் கலக்கிவிடும். பக்கத்தில் மங்கலாக ஒன்று இருந்தால்தான் மின்னுவது மின்னும்.

இரண்டாவது வழி, போலி வளையம். செயின் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஷட்டில் நூலில் ஒரு சின்னக் கண்ணியை வெளியே விட்டு, அது உள்ளே போய்விடாமல் ஒரு பேப்பர் கிளிப்பை மாட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் ஜரிகையை விரலில் வைத்துச் சாதாரணச் செயினாக வேண்டிய முடிச்சுகளைப் போடுங்கள். போட்டு முடித்ததும் கிளிப்பை எடுத்துவிட்டு, அந்தக் கண்ணி வழியாக ஷட்டிலை முழுசாக நுழைத்து, ஷட்டில் நூலை மெதுவாக இழுங்கள். கண்ணி சுருங்கிக்கொண்டே போய் மறையும், செயினின் தலையும் வாலும் சேர்ந்து வளையமாகிவிடும். உள்ளே ஓடியது முழுக்கப் பருத்தி, வெளியே தெரிவது முழுக்கத் தங்கம். முதல்முறை இது மூடுவதைப் பார்க்கும்போது கொஞ்சம் மாயாஜாலம் மாதிரிதான் இருக்கும். நேரம் பிடிக்கும், ஒவ்வொரு வளையத்துக்கும் ஷட்டிலை உள்ளே விட்டு எடுக்க வேண்டும், கண்ணியின் அளவு சின்னதானால் ஷட்டில் நுழையாது, பெரிதானால் இழுக்க வேண்டிய நூல் கூடும்.

டாட்டிங்கில் தங்க நூல் என்றவுடன் பழைய ஆட்கள் நினைவுக்குக் கொண்டுவரும் பெயர் ருமேனிய அரசி எலிசபெத் (1843–1916). கார்மென் சில்வா என்ற புனைபெயரில் கவிதையும் கதையும் எழுதியவர், கையில் எப்போதும் ஷட்டில் வைத்திருந்தவர். தேவாலயத்துக்கான துணிகளைத் தங்க நூலில் டாட்டிங் போட்டு, முத்தும் கல்லும் கோத்துச் செய்திருக்கிறார். லூரெக்ஸ் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால்! அப்போதைய தங்க நூலில் உலோகம் உலோகமாகவே இருந்தது, பிலிமைவிடக் கரடு. அரசிக்கு அவசரமில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பொறுமை இருந்தால் முடியாதது இல்லை என்பதற்கு அவர் சாட்சி, அதனால்தான் மெட்டாலிக்கில் டாட்டிங்கே கூடாது என்று யாராவது சட்டம் பேசினால் எனக்குச் சிரிப்பு வரும்.

இப்போது பிரேஸ்லெட். நான் போடும் கணக்கைத் தருகிறேன், உங்கள் கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிகோ என்பது இரண்டு முடிச்சுக்கு நடுவே விடும் குட்டிக் கண்ணி, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மெரூன் வளையம்: 4 முடிச்சு, பிகோ, 4 முடிச்சு, பிகோ, 4 முடிச்சு, பிகோ, 4 முடிச்சு, மூடு. வேலையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு தங்கச் செயின்: 5 முடிச்சு, பிகோ, 5 முடிச்சு. மறுபடி திருப்பி அடுத்த வளையம், இதில் முதல் 4 முடிச்சுக்கு அப்புறம் பிகோ விடாமல் முந்தைய வளையத்தின் கடைசிப் பிகோவில் சேர்க்க வேண்டும். இப்படியே போகட்டும். மூன்று நான்கு வளையம் போட்டதும் நிறுத்தி ஸ்கேல் வைத்து அளந்து, உங்கள் மணிக்கட்டுச் சுற்றளவில் கொக்கிக்கான நீளத்தைக் கழித்து, எத்தனை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். ஒவ்வொருவர் கை இறுக்கமும் வேறு, என் எண்ணிக்கை உங்களுக்கு உதவாது. நீளம் வந்ததும் முனையில் ஒரு வளையம் போட்டுத் திரும்பி, இரண்டாவது வரிசையில் ஒவ்வொரு வளையத்தின் நடுப் பிகோ இருக்க வேண்டிய இடத்தையும் முதல் வரிசை வளையத்தின் நடுப் பிகோவில் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

இந்தக் கணக்கில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது, கவனித்தீர்களா? சேர்ப்பு எல்லாமே மெரூன் வளையங்களுக்கு நடுவில்தான் நடக்கிறது. சேர்க்கும்போது 0.6 மி.மீ. மாதிரி மெல்லிய குரோஷா ஊசியைப் பிகோவுக்குள் விட்டு விரல் நூலைக் கொக்கி போட்டு இழுக்க வேண்டும். அந்த விரல் நூல் ஜரிகையாக இருந்தால் கொக்கி நாடாவைத்தான் முதலில் கிழிக்கும். செயினில் சேர்த்தே ஆக வேண்டிய வடிவம் என்றால் விரல் நூலை விட்டுவிட்டு ஷட்டில் நூலை இழுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், அது பருத்தி, தாங்கும். முழுத் தங்க வடிவத்தில் சேர்ப்பு கூடக்கூடத் தலைவலி கூடும் என்பதற்கும் காரணம் இதுவே.

செயினில் விடும் தங்கப் பிகோக்களைச் சின்னதாக வையுங்கள். படத்தில் நீளப் பிகோ அழகாகத்தான் இருக்கும். கையில் போட்டுக்கொண்டு ஒரு ஷிபான் துப்பட்டாவை எடுத்துப் பாருங்கள், புரியும். பளபளப்பு போதவில்லை என்றால் தங்கப் பிகோவை நீளமாக்குவதற்குப் பதிலாக மணி சேர்த்துக்கொள்ளுங்கள். 11-ஆம் நம்பர் பாசி, சுமார் இரண்டு மி.மீ. இருக்கும், 20-ஆம் நம்பர் நூலுக்குச் சரியான ஜோடி. ஆனால் மணிகளை ஜரிகையில் முன்கூட்டியே கோத்துத் தள்ளிக்கொண்டே போகிற முறை வேண்டாம், கண்ணாடி விளிம்பு முழு நீளத்துக்கும் உரசும். வளையத்தைச் சேர்க்கும் இடத்தில் மெல்லிய ஊசியால் மணியைப் பருத்திப் பிகோவின் மேல் ஏற்றிவிட்டு அதிலேயே சேருங்கள்.

ஸ்பூலைப் பற்றி ஒரு வார்த்தை. ஜரிகைக்கு ஸ்பிரிங் குணம் உண்டு, சும்மா வைத்தால் வட்டம் வட்டமாகக் குதித்து இறங்கித் தன்னைத் தானே முடிச்சுப் போட்டுக்கொள்ளும். மூடியுள்ள டப்பாவில் ஸ்பூலைப் போட்டு, மூடியில் சின்ன ஓட்டை வழியாக நூலை வெளியே எடுங்கள். முறுக்கு ஏறினால் வேலையைப் பிடித்துக்கொண்டு ஸ்பூலைத் தொங்கவிட்டால் அதுவே சுற்றிச் சுற்றி ஆறிவிடும். மெழுகு தடவலாமா என்று கேட்கிறார்கள். தடவலாம், பளபளப்பு போய்விடும், அப்புறம் எதற்கு ஜரிகை?

முனைகளை முடிப்பதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடிக்காத பகுதி. பருத்தி முனையை முடிச்சுகளுக்குள் இழுத்து மறைத்துவிடலாம், ஜரிகை முனையை அப்படி இழுத்தால் உரிந்து பிசிறாகும். பின்பக்கமாகப் படிய வைத்து, அதே நிற மெல்லிய தையல் நூலால் நாலு தையல் போட்டு, வெட்டிய நுனியில் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைப்பேன். முழுப் பாலியெஸ்டர் நூல் என்றால் ஊதுபத்தி நுனியைக் கிட்டே காட்டினாலே உருகி ஒட்டிக்கொள்ளும். டயமண்ட் மாதிரி விஸ்கோஸ் கலந்ததில் அதைச் செய்யாதீர்கள், விஸ்கோஸ் உருகாது, கருகும். கொக்கி மாட்டும் கம்பி வளையத்தைக் கடைசியில் தனியாகத் தைக்க வேண்டியதில்லை, முதல் வளையத்தையும் மறுமுனையில் திரும்பும் வளையத்தையும் போடும்போதே அதைப் பிகோவாக நினைத்து அதில் சேர்த்துவிடலாம்.

ஊசி டாட்டிங் செய்பவர்கள் இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நீளமான ஊசியின் மேலேயே முடிச்சுகளை ஏற்றிவிட்டுக் கடைசியில் ஊசியை உருவும் முறை அது, புரட்ட வேண்டியதில்லை, முடிச்சு பூட்டிக்கொள்வதும் இல்லை. ஊசிக்காதில் பருத்தி, ஊசியைச் சுற்றி ஜரிகை என்று இரண்டு நூலில் செய்தால் மெட்டாலிக் பயமே வேண்டாம். ஷட்டில்காரர்கள் இதை மட்டமாகப் பேசுவது வீண் ஜம்பம். ஆனால் ஊசியின் தடிமன் அளவுக்கு முடிச்சு கொஞ்சம் தளர்வாகத்தான் வரும், பிரேஸ்லெட்டுக்கு எனக்கு அந்தத் தளர்வு பிடிப்பதில்லை, தொய்ந்துவிடும். காதணிக்கு ஓகே.

போட்டுப் பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். இது நாகர்கோவில் லேஸா? இல்லை, அது தலையணை மேல் குண்டூசி குத்தி, குச்சிகளில் நூலைத் தொங்கவிட்டுப் பின்னுவது, 19-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் மிஷனரி மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. முற்றிலும் வேறு கை. மெஷினில் போட்டதா? இல்லை. கடையில் இதே சாயலில் மீட்டர் கணக்கில் கிடைப்பது, கரையக்கூடிய துணியின் மேல் எம்பிராய்டரி போட்டு அப்புறம் துணியைக் கரைத்துவிடுவது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அதில் முடிச்சே இருக்காது.

துவைப்பது பற்றியும் கேட்பார்கள். குளிர்ந்த தண்ணீர், ரெண்டு சொட்டு ஷாம்பு, முறுக்கிப் பிழியாமல் துண்டில் ஒற்றி எடுத்து, குண்டூசி குத்தி வடிவத்தில் காய வைக்கவும். இஸ்திரி பிலிமைச் சுருக்கிவிடும், கிட்டேயே கொண்டுபோக வேண்டாம். மெரூன், அடர் பச்சை மாதிரி நிறங்களைச் சாயம் போகிறதா என்று வேலை ஆரம்பிக்கும் முன்பே ஒரு துண்டு நூலை நனைத்துப் பார்த்துவிடுங்கள்.

கல்யாண சீசனில் வருகிற ஆர்டர்களில் முக்கால்வாசி, "முழுசா கோல்டு கலர்லயே வேணும் அக்கா" என்றுதான் தொடங்கும். முடியும் என்று சொல்லிவிட்டு, போலி வளையத்துக்கு இரண்டு மடங்கு நேரம், அதனால் இரண்டு மடங்கு விலை என்றும் சொல்லி, கூடவே மெரூனும் தங்கமும் கலந்த ஒன்றின் படத்தையும் அனுப்புவேன். பாதிப் பேர் அதற்கே வந்துவிடுகிறார்கள், விலையைப் பார்த்தா படத்தைப் பார்த்தா என்று நான் கேட்டுக்கொள்வதில்லை.